திராவிடோசாரஸ்: அரியலூரில் கிடைத்தது கவச டைனோசரா, கடல் ஊர்வனவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு மண்ணிலிருந்து அறிவியல் பெயர் பெற்ற டைனோசர்கள் மிகச் சில. அவற்றில் ஒன்றின் பெயரிலேயே "திராவிட" இருக்கிறது. ஆனால் அது டைனோசர்தானா என்பதே பல ஆண்டுகளாகத் தீராத வழக்காக இருக்கிறது. அரியலூர் பக்கம் கல் பார்க்கப் போகிறவர்கள், பள்ளி மாணவர்கள், ஆசிரியர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

திராவிடோசாரஸ் என்பது என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

முழுப்பெயர் திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, கிருஷ்ணன் அய்யாசாமி இருவரும் 1979-ல் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். எலும்புகள் கிடைத்தது அரியலூர் பகுதியில். அன்றைக்கு அது திருச்சிராப்பள்ளி மாவட்டம். எலும்புகள் இருந்த பாறைக்கு வயது ஏறத்தாழ 8.6 கோடியிலிருந்து 9 கோடி ஆண்டு வரை. முதுகில் தட்டுகளும் வாலில் முட்களும் கொண்ட ஸ்டெகோசார் வகை விலங்கு இது என்பது அவர்கள் முடிவு. நீளம் 3 மீட்டர் அளவில் இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஸ்டெகோசார்களிலேயே சிறியது என்று சொல்லலாம்.

பிறகு 1990-களில் வேறொரு கருத்து வந்தது: இது டைனோசரே இல்லை, பிளீசியோசார் என்ற கடல் ஊர்வன. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

பெயரில் "திராவிட" எப்படி வந்தது?

தென்னிந்தியாவைக் குறிக்கத்தான். "சாரஸ்" என்றால் கிரேக்க மொழியில் பல்லி. பின்னால் வரும் "பிளான்ஃபோர்டி", பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அண்ணன் தம்பி இருவருமே இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்தவர்கள். திருச்சி, தென்னார்க்காடு மாவட்டங்களின் கிரெட்டேசியஸ் (டைனோசர்களின் கடைசிக் காலகட்டம்) காலப் பாறைகளைப் பற்றி ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-ல் வெளியிட்ட விரிவான அறிக்கைதான் அந்தப் பகுதியில் இன்றுவரை நடக்கும் ஆய்வுகளுக்கு அடித்தளம். உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அங்குள்ள பாறைகளை மூன்று பெரிய அடுக்குத் தொகுதிகளாகப் பிரிக்கும் வழக்கமும் அந்தக் காலத்திலிருந்தே வருகிறது. திராவிடோசாரஸ் நடுவில் உள்ள திருச்சிராப்பள்ளித் தொகுதியில் கிடைத்தது.

என்னென்ன எலும்புகள் கிடைத்தன?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். முழு எலும்புக்கூடு கிடைக்கவில்லை. 1979 கட்டுரையில் வருபவை: ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுள்ள, பாதி சிதைந்த ஒரு மண்டையோடு, ஒரு பல், இடுப்புப் பகுதியின் சில எலும்புகள், சில தட்டுகள், ஒரு முள். அந்த முள்ளின் நடுப்பகுதி வழக்கத்துக்கு மாறாகப் புடைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். வேறு ஸ்டெகோசார்களிடம் அப்படிப் பார்த்ததில்லை.

இவற்றில் மண்டையோடுதான் வகைமாதிரி. அதாவது, "திராவிடோசாரஸ்" என்ற பெயர் சட்டப்படி கட்டப்பட்டிருக்கும் எலும்பு அது ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே முக்கியமாகப் போகிறது.

"கவச டைனோசர்" என்றால் எவை? ஸ்டெகோசாரும் அதில் சேருமா?

சேரும். தோலுக்குள்ளேயே எலும்பு வளர்ந்து தட்டாகவோ முள்ளாகவோ குமிழாகவோ உடம்பைக் காத்த தாவர உண்ணி டைனோசர்களுக்குத் தைரியோஃபோரா என்று பெயர். கேடயம் தாங்கிகள் என்று பொருள். 1915-ல் ஃபிரான்ஸ் நோப்சா வைத்த பெயர் இது. இந்தக் குடும்பத்தில் பெரிய கிளைகள் இரண்டு. ஒன்று ஸ்டெகோசார்கள்: முதுகில் நிமிர்ந்து நிற்கும் தட்டுகள், வால் முனையில் முட்கள். இன்னொன்று ஆங்கிலோசார்கள்: உடம்பு முழுக்க ஓடு வேய்ந்த மாதிரி தட்டையான கவசம், சிலவற்றுக்கு வாலில் கதாயுதம் போன்ற குண்டு.

இந்த இரண்டு கிளைகளுக்கும் முன்னால் ஸ்கெலிடோசாரஸ், ஸ்குடெல்லோசாரஸ் போன்ற மூத்தவை இருந்தன. அவற்றின் கவசம் எளிமையானது, முதுகெங்கும் வரிசையாகச் சின்னச் சின்ன எலும்புக் குமிழ்கள்.

அது ஸ்டெகோசார் என்றால் என்ன அப்படிப் பெரிய விஷயம்?

காலம்தான் விஷயம். படங்களில் நாம் பார்க்கும் ஸ்டெகோசாரஸ், வட அமெரிக்காவில் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுக்கு முன் வாழ்ந்தது. 1877-ல் ஓத்னியல் சார்ல்ஸ் மார்ஷ் அதற்குப் பெயர் வைத்தார். அந்த ஜுராசிக் காலம்தான் ஸ்டெகோசார்களின் பொற்காலம். வட அமெரிக்கா, ஐரோப்பா, சீனா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று எங்கும் இருந்தன. அடுத்து வந்த கிரெட்டேசியஸின் முதல் பாதியில் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. சீனாவின் வூயர்ஹோசாரஸ், மங்கோலியாவின் மங்கோலோஸ்டெகஸ் போன்ற சிலவே கிடைத்திருக்கின்றன. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுக்கு முன்பே தடயம் நின்றுவிடுகிறது.

அரியலூர் எலும்பு அதற்கும் ஒரு கோடி ஆண்டுக்கு மேல் பிந்தியது. அது உண்மையாகவே ஸ்டெகோசார் என்றால், உலகம் முழுக்க அழிந்த ஒரு குலத்தின் கடைசி வாரிசு நம் ஊரில் தப்பிப் பிழைத்திருந்தது என்று அர்த்தம். அதற்கு இடமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தியா ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. தென்கோளத்தில் இருந்தது. ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுக்கு முன் மடகாஸ்கரிலிருந்தும் பிரிந்து தனியாக வடக்கே நகரத் தொடங்கியது. திராவிடோசாரஸ் இருந்ததாகச் சொல்லப்படும் அதே காலகட்டம். தனித்துப்போகும் நிலப்பரப்பில், வேறு இடங்களில் மறைந்த விலங்குகள் நீடிப்பது இயற்கைதான். ஆகவே இந்தக் கதை கேட்க நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதாலேயே இன்னும் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிளீசியோசார் என்ற வாதம் எங்கிருந்து வந்தது?

டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் சங்கர் சாட்டர்ஜி 1991-ல் எலும்பு கிடைத்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். பிறகு 1996-ல் அவரும் கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தீரஜ் ருத்ராவும் எழுதிய கட்டுரையில், தாங்கள் அங்கே கண்டவை வெயிலிலும் மழையிலும் மிகவும் சிதைந்துபோன பிளீசியோசார் எலும்புகள் என்றார்கள். இடுப்பு, பின்துடுப்பு ஆகியவற்றின் எலும்புகள். ஆகவே திராவிடோசாரஸ் டைனோசர் அல்ல என்பது அவர்கள் முடிவு.

பிளீசியோசார் தெரியாதவர்களுக்காக: டைனோசர் காலத்தில் கடலில் வாழ்ந்த ஊர்வன. நான்கு கால்களும் துடுப்பாக மாறியவை. பலவற்றுக்கு நீண்ட கழுத்து. டைனோசர்களுக்கு நெருங்கிய உறவு கிடையாது.

அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. எலும்பு கிடைத்த பாறை கடலடியில் படிந்தது. கடல் பாறையில் கடல் விலங்கு கிடைப்பதுதான் முதலில் எதிர்பார்க்க வேண்டியது. 1996-க்குப் பிறகு பல நூல்கள் "திராவிடோசாரஸ் பிளீசியோசார்தானாம்" என்று ஒரே வரியில் கடந்துபோனதற்கு இதுவே காரணம்.

நீந்தும் விலங்கின் இடுப்பெலும்பையும் முதுகுத் தட்டையும் ஒருவர் குழப்பிக்கொள்ள முடியுமா?

கேட்டால் விநோதமாகத்தான் இருக்கும். ஆனால் முடியும். நமக்கு இடுப்பெலும்பு என்றாலே கிண்ணம் போன்ற ஒரு வடிவம் நினைவுக்கு வரும். பிளீசியோசாரின் இடுப்பு அப்படியல்ல. அடிவயிற்றில் துடுப்புத் தசைகள் பற்றிக்கொள்ள அகலமான இடம் வேண்டும் என்பதால், அதன் இடுப்பெலும்புகளில் இரண்டு ஜோடி தட்டையாக, முறம் போல விரிந்திருக்கும். அப்படி ஒரு எலும்பு உடைந்து, ஓரம் தேய்ந்து, களிமண்ணில் பாதி புதைந்து கிடந்தால், ஒரு முக்கோணத் துண்டுதான் கண்ணுக்குத் தெரியும்.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து மண்ணில் ஒரு முறையாவது நடந்தவர்களுக்கு இது புரியும். ஓடைக்கரையில் குனிந்து ஒரு துண்டை எடுத்தால், முதல் பார்வையில் அது எலும்பா, இரும்புச் சத்து ஏறிய கல்லா, கிளிஞ்சல் ஓட்டின் விளிம்பா என்றே சொல்ல முடியாது. திருப்பி உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். எலும்பு என்றால் உள்ளே பஞ்சு போல நுண்துளைகள் தெரியும். அது வரைக்கும் சரி. ஆனால் அது முதுகில் நின்ற தட்டா, வயிற்றில் படுத்த தட்டா என்பது கையில் எடுத்துப் பார்த்து மட்டும் தெரிவதில்லை.

பல் விஷயம் வேறு. ஸ்டெகோசார் பல் சிறியது, இலை வடிவம், ஓரத்தில் வரிசையாகச் சிறு பற்கள் போன்ற மேடுகள், அடியில் ஒரு வளையம். பிளீசியோசார் பல் நீண்ட கூம்பு, மீனைக் குத்திப் பிடிப்பதற்கு. மேலே மெல்லிய கோடுகள் ஓடும். இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வது கஷ்டம். என்னைக் கேட்டால் இந்த வழக்கில் மண்டையோட்டுக்கு அடுத்து அதிகம் பேச வேண்டிய சாட்சி அந்த ஒற்றைப் பல்தான்.

கடலில் படிந்த பாறையில் தரைவாழ் டைனோசர் எப்படி வரும்?

வரும். அதுவும் கவச டைனோசர்கள் அடிக்கடி அப்படித்தான் வருகின்றன. ஆற்றோரமாகவோ கடற்கரையிலோ செத்த விலங்கை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. உள்ளே வாயு நிறைந்து உடல் ஊதி மிதக்கிறது. சில நாள் மிதந்தபின் வயிறு வெடித்து, ஆழத்துக்குப் போய் அடிச்சேற்றில் படிகிறது. மிதக்கும்போதே தலை, கால், வால் என்று உறுப்புகள் கழன்று வழியெல்லாம் விழுவதும் உண்டு.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கனடாவின் போரியலோபெல்டா. 2011-ல் ஆல்பர்ட்டாவில் ஒரு சுரங்கத்தில் கிடைத்தது. 2017-ல் பெயர் பெற்றது. தோலும் கவசமும் உயிரோடு இருந்த அமைப்பிலேயே கல்லாகி நிற்கும் ஆங்கிலோசார் அது. கிடைத்த பாறை கடலடிப் படிவு. அண்டார்டிகாவின் ஆண்டார்க்டோபெல்டாவும் கடல் படிவில்தான் கிடைத்தது. அதனால் "கடல் பாறை, ஆகவே டைனோசர் இல்லை" என்று சொல்வது செல்லாது. "கடல் பாறை, ஆகவே பிளீசியோசாராக இருக்க வாய்ப்பு அதிகம்" என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சாட்டர்ஜியின் வாதத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையா?

சொன்னார்கள். ஸ்டெகோசார்களை ஆயுள் முழுக்க ஆராய்ந்த பீட்டர் கால்டன், பால் அப்சர்ச்சுடன் சேர்ந்து 2004-ல் எழுதியபோது, அந்த மண்டையோடும் தட்டுகளும் பிளீசியோசாருடையவை அல்ல என்று உறுதியாகச் சொன்னார். அவற்றை மறுபடி முறையாக விவரிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். பிறகு 2017-ல் கால்டனும், 1979-ல் பெயர் வைத்த அதே அய்யாசாமியும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். திராவிடோசாரஸ் ஸ்டெகோசார்தான் என்ற நிலையை அதிலும் விடவில்லை.

அந்த 2017 கட்டுரையில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அதன் முதன்மையான வேலை இன்னொரு எலும்பைப் பற்றியது. அரியலூர் பக்கம் கள்ளமேடு பகுதியின் பாறையில், டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த ஒரு துண்டை ஸ்டெகோசார் தட்டு என்று முன்பு சொல்லியிருந்தார்கள். அதை மறுபடி பார்த்துவிட்டு, ஸ்டெகோசார் தட்டு என்று ஏற்க முடியாது என்று அவர்களே தள்ளினார்கள். தங்கள் தரப்புக்கு வலு சேர்க்கக்கூடிய ஒன்றையே கைவிட்டார்கள். அதனால் மண்டையோட்டைப் பற்றி அவர்கள் சொல்வதை நான் கூடுதல் மரியாதையோடு கேட்கிறேன்.

இரண்டு தரப்பும் ஒரே எலும்பைப் பார்த்துத்தான் சண்டை போடுகிறார்களா?

எனக்கு இந்த விவாதத்தில் முக்கியமாகத் தோன்றுவது இதுதான். இல்லை என்றே தோன்றுகிறது. சாட்டர்ஜி பேசுவது களத்தில் தான் பார்த்த சிதைந்த இடுப்பு, துடுப்பு எலும்புகளைப் பற்றி. கால்டன் பேசுவது மண்டையோட்டையும் தட்டுகளையும் பற்றி. ஒருவர் வயலைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார், இன்னொருவர் களஞ்சியத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார். இரண்டு பேரும் சரியாக இருக்க வாய்ப்பு இருக்கிறது!

கடலடியில் பல விலங்குகளின் எலும்பு ஒன்றாகச் சேர்வது சாதாரணம். ஒரே அடுக்கில் ஒரு பிளீசியோசாரின் இடுப்பும், நிலத்திலிருந்து மிதந்து வந்த ஒரு டைனோசரின் தலையும் விழுந்திருக்கலாம். 1979-ல் அவற்றை ஒரே விலங்கு என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால், இடுப்பெலும்பு பிளீசியோசார் என்று நிரூபித்தாலும் திராவிடோசாரஸ் பிளீசியோசார் ஆகிவிடாது. ஏனென்றால் பெயர் கட்டப்பட்டிருப்பது மண்டையோட்டில். மற்ற எலும்புகள் எல்லாம் "இதோடு சேர்ந்தவையாக இருக்கலாம்" என்று சேர்க்கப்பட்டவை. அவற்றில் சில கழன்று போகலாம். பெயர் மண்டையோட்டோடு போகும்.

சரி, மண்டையோடே பிளீசியோசார் என்று நிரூபணமானால் பெயரை நீக்கிவிடுவார்களா?

மாட்டார்கள். பெயர் அப்படியே ஒரு பிளீசியோசாரின் பெயராக இருக்கும். பெயரின் பொருள் தவறாகிப் போனதற்காக விலங்கியலில் பெயரை மாற்றுவது கிடையாது. பாசிலோசாரஸ் என்றால் "ராஜ பல்லி". 1834-ல் ரிச்சர்ட் ஹார்லன் ஊர்வன என்று நினைத்து வைத்த பெயர். சில ஆண்டுகளிலேயே ரிச்சர்ட் ஓவன் பற்களைப் பார்த்து அது பாலூட்டி என்றார். பழங்காலத் திமிங்கிலம். இன்றும் அதன் பெயர் பாசிலோசாரஸ்தான்.

மூன்றாவது வாய்ப்பும் உண்டு. எலும்பு இன்ன விலங்கு என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குக்கூட அடையாளங்கள் இல்லை என்று முடிவானால், அது "ஐயத்துக்குரிய பெயர்" ஆகிவிடும். பட்டியலில் இருக்கும், ஆனால் யாரும் அதை வைத்துக்கொண்டு எதையும் கட்ட மாட்டார்கள்.

உங்கள் கருத்து என்ன? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல வராது. மண்டையோட்டையும் பல்லையும் வைத்துப் பார்த்தால் கவச டைனோசர் பக்கம் தராசு கொஞ்சம் தாழ்கிறது என்பது என் கருத்து. இடுப்பெலும்புகள் விஷயத்தில் சாட்டர்ஜி சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் ஸ்டெகோசார்தான், வேறு கவச டைனோசர் கிடையாது என்று அடித்துச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. மொத்தக் குலமும் மறைந்து ஒரு கோடி ஆண்டு கழித்து ஒன்று வருகிறது என்றால், அதற்கு ஏற்ற கனமான சாட்சி வேண்டும். 20 சென்டிமீட்டர் மண்டையோடு அந்தக் கனத்தைத் தாங்குமா என்பதை, அதை அங்குலம் அங்குலமாக மறுபடி விவரித்தால்தான் சொல்ல முடியும்.

எங்காவது எழுத வேண்டும் என்றால் "ஸ்டெகோசார் என்று 1979-ல் விவரிக்கப்பட்டது, வகைப்பாடு விவாதத்தில் உள்ளது" என்று எழுதுங்கள். "தமிழ்நாட்டின் ஸ்டெகோசாரஸ்" என்று எழுதாதீர்கள். ஸ்டெகோசாரஸ் என்பது வட அமெரிக்காவில் பெயர் பெற்ற ஒரு குறிப்பிட்ட பேரினம். ஸ்டெகோசார் என்பது குடும்பம். இந்த இரண்டையும் கலந்து எழுதுவது மிகவும் பரவலான பிழை.

இந்தியாவில் இப்படிக் குழம்பிய கவச டைனோசர் வேறு உண்டா?

உண்டு, அதுவும் இதைவிடப் பழைய கதை. ஜபல்பூரில் பாரா சிம்லா என்ற குன்றில் கிடைத்த இடுப்பெலும்புகள், ஒரு கணைக்கால் எலும்பு, பற்கள், நிறையக் கவசத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, சார்ல்ஸ் மேட்லி 1920-களில் லமேட்டாசாரஸ் இண்டிகஸ் என்ற கவச டைனோசரை விவரித்தார். 1930-களிலேயே சக்கரவர்த்தி என்ற ஆய்வாளர் சந்தேகம் எழுப்பினார்: இடுப்பும் காலும் ஊனுண்ணி டைனோசருடையவை, கவசம் வேறு விலங்குடையது, இது கலவை. அவர் சொன்னதுதான் நிலைத்தது. 2003-ல் ராஜாசாரஸ் என்ற ஊனுண்ணி விவரிக்கப்பட்டபோது, லமேட்டாசாரஸின் இடுப்பும் அதே அபெலிசாரிட் என்ற ஊனுண்ணிக் குடும்பத்துக்குரிய அமைப்பு என்று தெளிவானது. கவசத் துண்டுகள்? டைட்டனோசார் என்ற நீண்ட கழுத்துத் தாவர உண்ணிகளில் சிலவற்றுக்கும் தோலில் எலும்புக் குமிழ்கள் இருந்தன என்பது இப்போது தெரியும். அங்கே டைட்டனோசார்களுக்குப் பஞ்சமில்லை.

அதே சக்கரவர்த்தி, ஜபல்பூரின் ஒரே ஒரு மேற்கை எலும்பை வைத்து பிராக்கிபோடோசாரஸ் என்று இன்னொரு கவச டைனோசருக்குப் பெயர் வைத்தார். இன்று அது ஐயத்துக்குரிய பெயர். ஒற்றை எலும்பில் பெயர் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் நல்ல செய்தியும் இருக்கிறது. தெலங்கானாப் பக்கம் கோட்டா படிவுகளில் ஜுராசிக் தொடக்க காலத்துக் கவசத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றை 2019-ல் மறுபடி ஆராய்ந்த கால்டன், உலகின் மிகப் பழைய ஆங்கிலோசார் தடயம் என்றே கருதினார். ஆக, இந்தியாவில் கவச டைனோசர் இருந்தது என்பதற்குத் திராவிடோசாரஸை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

புருகத்காயோசாரஸும் அரியலூர்தானே? அதுவும் இதே கதையா?

ஊர் ஒன்று, பெயர் வைத்த இருவரும் அதே யாதகிரி, அய்யாசாமிதான். ஆனால் கதை வேறு. எனக்கு மனம் வலிக்கும் கதை. கள்ளமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகள் அவை. கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் அளவு. 1980-களின் கடைசியில் விவரித்தபோது ஊனுண்ணி என்று நினைத்தார்கள். பிறகு அது டைட்டனோசார், ஒருவேளை நிலத்தில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று என்ற கருத்து வந்தது. சரிபார்க்க எலும்பு வேண்டுமே? அது இல்லை. அந்த மண்ணில் எலும்பு மிகவும் பொலபொலப்பாக இருந்ததால், காப்பாற்றிக் கொண்டுபோவதற்குள் உதிர்ந்து போய்விட்டது. முன்னால் சொன்ன 2017 கட்டுரையிலேயே அந்தச் செய்தி வருகிறது.

அதோடு ஒப்பிட்டால் திராவிடோசாரஸ் கொடுத்துவைத்தது. அதன் மண்டையோடு பதிவு எண்ணோடு சேகரிப்புக்குப் போனது. தென்மண்டலத் தொல்லுயிர்ச் சேகரிப்பில் எண் 1.

இந்த வழக்கை எப்படித்தான் முடிப்பது?

புதிதாகத் தோண்டுவதற்கு முன், ஏற்கெனவே இருப்பதைப் பார்த்தாலே பாதி வேலை முடியும். மண்டையோட்டை சி.டி. ஸ்கேன் எடுத்தால் கல்லுக்குள் மறைந்திருக்கும் மூளைப்பெட்டி, தாடை மூட்டு, பற்குழிகள் எல்லாம் தெரியும். பிளீசியோசாரின் மூக்குத்துளை கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும். ஸ்டெகோசாருக்கு வாய் முனையில் இருக்கும். இது ஒன்றே போதும் என்றுகூடச் சொல்லலாம்.

தட்டுகளுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. ஒரு சிறு துண்டை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. கவசத் தட்டு தோலுக்குள் உருவாகும் எலும்பு. தோலோடு இழுத்துக் கட்டிய நார்கள் அதன் அடிப்பகுதியில் நுண்ணிய கோடுகளாகப் பதிந்திருக்கும். இடுப்பெலும்பு அப்படியல்ல, முதலில் குருத்தெலும்பாக இருந்து பிறகு எலும்பாக மாறுவது. அதன் உள்ளமைப்பு வேறு. வெளியே எவ்வளவு தேய்ந்திருந்தாலும் உள்ளே இந்த வேறுபாடு அழியாது. முறமா கேடயமா என்ற கேள்விக்கு ஒரு கண்ணாடித் தகடு பதில் சொல்லிவிடும்.

அந்தப் பக்கம் போனால் என்ன பார்க்கலாம்?

டைனோசர் எலும்பைத் தேடிப் போகாதீர்கள், ஏமாந்து போவீர்கள். கடலைப் பார்க்கப் போங்கள். காரை கிராமத்துக்குப் பக்கத்தில் மழை அரித்த செம்மண், சாம்பல் நிற மேடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். நடுவே ஜிப்சம் பளபளக்கும். காலடியில் துப்பாக்கித் தோட்டா போல நீளமான கற்கள் கிடந்தால், அவை பெலம்னைட் என்ற கணவாய் போன்ற உயிரியின் உள்ளோடு. சுருள் சுருளாக இருப்பவை அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு. கருடமங்கலம் பக்கத்துப் பாறையில் கிளிஞ்சல்கள் அடர்த்தியாக ஒட்டிக் கிடக்கும். திராவிடோசாரஸ் காலத்துக் கடலடி ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறது. நிலத்தில் வளர்ந்த மரம் ஒன்று கடல் படிவில் வந்து கிடப்பதை நேரில் பார்த்தால், ஒரு டைனோசர் தலை எப்படி அங்கே வந்திருக்கும் என்பது தானாகவே விளங்கும்.

டைனோசர் முட்டை கிடைத்தது என்று செய்தி பார்த்தேனே?

2020-ல் குன்னம் பக்கம் ஏரியில் மண் எடுத்தபோது வந்த பெரிய உருண்டைகளைத்தானே சொல்கிறீர்கள்? அவை முட்டை இல்லை. அம்மோனைட் போன்ற உயிரிகளைச் சுற்றிக் கடலடியில் கனிமம் திரண்டு உருவான கல் உருண்டைகள் என்று நிலவியலாளர்கள் போய்ப் பார்த்துச் சொன்னார்கள்.

எலும்பு போல ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்வது?

எடுக்காதீர்கள். இழுத்தால் உடையும். உடைந்தால், எந்த அடுக்கில் எந்தத் திசையில் கிடந்தது, பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்ற தகவல் எல்லாம் போய்விடும். திராவிடோசாரஸ் விவாதத்தில் நமக்கு இன்று மிகவும் தேவைப்படுவது அந்தத் தகவல்தான்: மண்டையோடும் இடுப்பும் எவ்வளவு நெருக்கமாகக் கிடந்தன?

பக்கத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ அளவுக்கு வைத்து, கிட்டே ஒரு படம், பத்தடி தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். கைப்பேசியில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் நெருங்கினால் தாமதிக்காமல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கோ அருகில் உள்ள பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ அனுப்புங்கள். அந்த மண்ணில் ஒரு பெருமழைக்கு முன்னால் இருக்கும் எலும்பு, பின்னால் இருப்பதில்லை.